ஆமையிடம் சொல்லாத செய்தி

கண்டி,
2-9-1934

சௌபாக்கியவதி அன்னலட்சுமிக்கு, உன் கணவன் சுந்தரலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அம்மன் அருளால் குறையொன்றும் இல்லை. யசோதா பள்ளிக்கூடம் போய் வருகிறாள். பக்கத்து வீட்டு ரத்தினம்மா அக்கா குழம்பு கொடுத்தனுப்புகிறார். சோறு மட்டும் நான் வடிக்கிறேன். அது சில நாள் சோறாகவும் சில நாள் கஞ்சியாகவும் வருகிறது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து நம் மகளுக்கு எழுதி அனுப்பிய கதை வியாழக்கிழமை வந்தது. அடி அன்னம், பத்து வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியும் உனக்குள் இப்படி ஒரு கதைக்காரி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. அணில், மைனா, ஆமை என்று மூன்று சிநேகிதர். காலில் அடிபட்ட ஆமை வாவிக்கரையில் கிடக்கிறது. மற்ற இரண்டும் காட்டுக்குப் போய் வயிறு முட்ட நாவல்பழம் தின்றுவிட்டு வந்து, நாங்களும் எங்கேயும் போகவில்லை என்கின்றன. பேசும்போது இரண்டின் நாக்கும் ஊதா நிறமாக இருக்கிறது. ஆமை ஒன்றும் கேட்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த இடத்தை மட்டும் நான் நாலைந்து தடவை படித்தேன்.

ஆனால் கந்தோரில் கோப்பு எழுதிப் பழகிய புத்தி இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? கதைக்கு முடிவில்லை என்று எனக்குப் பட்டது. நொண்டிச் சிநேகிதனை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் நீதி என்று தீர்மானித்து, அணிலும் மைனாவும் ஆமையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனதாக நானே நாலு வரி சேர்த்து யசோதாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. “தூக்கிட்டுப் போக முடியாதுன்னு ஆமைக்குத் தெரியும்ப்பா. அதுக்காக அது அழல. வந்து சொல்லலாமில்ல, எவ்வளவு இனிப்பா இருந்திச்சுன்னு? அதச் சொல்லாமத்தான் அத விட்டுட்டாங்க,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நாம பெரஹரா ஊர்வலத்துக்குப் போனது அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு போல,” என்றாள். எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை. உன் புத்தி அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. அதை நினைக்க எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

மனதை ஏங்கவைக்கும் எதையும் நோயாளிக்கு எழுதவேண்டாம் என்று உங்கள் டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் இந்த வருஷம் மழை, பெரஹராவுக்குப் போகவில்லை என்று எழுதினேன். கண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பெரஹராவுக்குப் போகாத வீடு எங்கே இருக்கிறது? கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் போய் இதைச் சொன்னேன் பார்.

போனோம், அன்னம். வழக்கம் போல ஸெய்னுலாப்தீன் நானாவின் துணிக்கடை மாடியில்தான் இருந்தோம். நீ உட்காரும் மூலைக் கதிரையில் யாரையும் உட்கார விடாமல் யசோதா தன் குடையை வைத்துவிட்டாள். ஊர்வலத்தின் முன்னால் வந்த சவுக்குக்காரர்கள் சொடுக்கிய சத்தத்தில் நானாவின் சின்ன மகன் மேசைக்குக் கீழே புகுந்துகொண்டான். கடைக்கு நேரே வந்ததும் ஒரு குட்டி யானை நின்று, வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பிடுங்கித் தின்னத் தொடங்கிவிட்டது. பாகன் கெஞ்சியும் நகரவில்லை. பின்னால் மேளக்காரர்கள் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். யசோதா விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைத்தான் உனக்கு எழுதப் பயந்தேன். நீ இல்லாமலும் பிள்ளை சிரிக்கிறாள் என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இதை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்றுதான் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இனி எல்லாவற்றையும் எழுதுவோம். டாக்டர் கோபித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

நேற்று யசோதா இன்னொன்று கேட்டாள். “அம்மா மட்டும் நம்மகிட்ட எல்லாத்தையும் சொல்றாங்களாப்பா?” காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றுதான் நீ மாதாமாதம் எழுதுகிறாய். போன மாதக் கடிதத்தின் பின்பாதி உன் கையெழுத்து இல்லை. ஆனால் இந்தக் கதை முழுவதும் உன் கையெழுத்து. எத்தனை நாள் படுத்துப் படுத்து எழுதினாயோ தெரியவில்லை. போன மாதம் கையெழுத்து மாறியதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்திருக்கிறாள். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளைகளை அங்கே வாசலுக்குள் விடமாட்டார்கள். எனக்கும் மாதத்தில் ஒரு நாள்தான், அதுவும் எட்ட நின்று. அது அவர்கள் சட்டம், நாம் என்ன செய்யலாம்? நீயும் எங்களை வெளியே நிறுத்தாதே, அன்னம். இருமினால் இருமினேன் என்று எழுது. இரத்தம் வந்தால் அதையும் எழுது. பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று ஒரு வரி போதும். கை ஓயும்போது நர்ஸம்மாவிடம் சொல்லி எழுதச் சொல். நாங்கள் தாங்கிக்கொள்வோம். தெரியாமல் இருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன்
சுந்தரலிங்கம்