ஐந்து வீட்டுக்கும் ஒரே கடிதம்

போன திங்கட்கிழமை உன் அலுமாரியின் பூட்டை உடைத்தோம். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. புதிதாக வந்த கணித டீச்சர் புத்தகம் வைக்க இடமில்லை என்று மூன்று தடவை கேட்டார். நானும் மூன்று தடவை "பார்க்கலாம்" என்று தட்டிக் கழித்தேன். நான்காவது தடவை என்ன சொல்ல? காவலாளியைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னேன். கதவு திறந்ததும் விபூதியும் வெண்கட்டித் தூளும் கலந்த ஒரு வாசம் வந்தது. சட்டென்று நீயே பின்னால் வந்து நிற்பது போல் இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன். காவலாளி "என்னங்க மேடம்?" என்றார்.

கம்பி ஒடிந்த குடை, பாதி தீர்ந்த தைலப் போத்தல், திருத்தாத வினாத்தாள் கட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்பு உறை. பரீட்சை அனுமதி அட்டை வரும் உறை. மேலே தர்ஷினியின் பெயர். அதை எதற்காக வைத்திருந்தாய்? எறிய மனம் வரவில்லையா, அல்லது என்றைக்காவது நான் பார்க்கட்டும் என்றா? இப்போது அது என் மேசையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ இரத்தினபுரி டவுன்காரி, கடை வைத்திருந்தவரின் மகள். நான் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. நீ நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, நான் ஊரில் இல்லாத நாட்களில் காலைக் கூட்டத்தில் "விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" சொல்லிக்கொடுப்பாய். எங்கள் வேதக்காரப் பிள்ளைகளைவிட உனக்குத்தான் அது தடுமாறாமல் வரும். நான் தற்காலிகமாகப் பதில் அதிபராகி முதல் நாள், ஏழரை மணிக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டபோது கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்த முதல் ஆள் நீதான். பஸ் தாமதம். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ சிரித்துக்கொண்டே, "கோடு கோணலா இருக்குடி. ஸ்கேல் வச்சுப் போடு" என்றாய். என்னை "டி" போட்டுக் கூப்பிட அந்தப் பள்ளிக்கூடத்தில் உன்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்!

அதிபர் வேலை என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆறே முக்காலுக்குக் கேட்டில் நிற்க வேண்டும். மழை பெய்தால் எந்த வகுப்பில் எந்தத் தகரம் ஒழுகும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மலசலகூடத்துக்குத் தண்ணீர், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் சுற்றறிக்கை, பாதுகாவலி திருநாளுக்குப் பூசை, பூசைக்கு வராத ஆசிரியர் மேல் பாதருக்கு வரும் கோபம். இத்தனையும் செய்தாலும், வருட முடிவில் யாரும் தகரத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சையில் எத்தனை வீதம் தேறினார்கள் என்றுதான் கேட்பார்கள். அதைத்தான் பெரிய வீதியில் பேனராகக் கட்டுவார்கள்.

அந்த வருடம் எனக்கு நூறு வீதம் தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு அல்ல, எனக்கு. நியமனத்தில் இருந்த "பதில்" என்ற சொல் போக வேண்டும். பாதர் முகாமையாளர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. "இந்த முறை பார்ப்போமே" என்றார், அவ்வளவுதான். பதினோராம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் தேறமாட்டார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஐவரும் ஒரே தோட்டம், தர்ஷினியும் அதில் ஒருத்தி. அவர்களைப் பள்ளிக்கூடத்துப் பரீட்சார்த்திகளாக அனுப்பாமல் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக எழுத வைத்துவிட்டால் எங்கள் கணக்கில் வரமாட்டார்கள். எத்தனையோ பள்ளிக்கூடங்கள் செய்கிற வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெற்றோர் தாங்களாகவே கேட்டுக்கொள்வது போல் அலுவலகக் கணினியில் ஒரு கடிதம் அடித்து, ஐந்து பிரதி எடுத்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டேன். பிறகு உன்னைக் கூப்பிட்டேன். அவர்களின் வகுப்பாசிரியை நீ.

நீ வாசித்தாய். இரண்டாம் தடவையும் வாசித்தாய்.

"என்னடி இது? பெத்தவங்க கேக்கிற மாதிரி நீயே எழுதி வச்சிருக்க?"

"அவங்களுக்கு எழுதத் தெரியாது. அதுக்குத்தான்."

"அப்ப நீயே போய்க் கையெழுத்து வாங்கு."

"நான் போனா பயந்திருவாங்க. நீ போனா நம்புவாங்க."

"அதான்டி எனக்குப் பயமா இருக்கு," என்றாய்.

நீ மாட்டேன் என்றுதான் சொன்னாய். அதை இங்கே எழுதி வைக்கிறேன். மூன்று நாள் மாட்டேன் என்றாய். நான்காம் நாள் நான் அழுதேன். வெட்கம்கெட்ட அழுகை. "இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இது ஒண்ணு செய்யமாட்டியா?" என்று கேட்டேன். சனிக்கிழமை அந்தக் கம்பி ஒடிந்த குடையைப் பிடித்துக்கொண்டு, நிவித்திகல பஸ்ஸில் ஏறி, தோட்டத்துக்குப் போய், ஐந்து வீட்டிலும் கையெழுத்து வாங்கி வந்தாய். திங்கட்கிழமை கடிதங்களை என் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாய். தர்ஷினியின் அம்மா தேத்தண்ணி தந்து, "நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர்" என்று சொன்னாளாம். அதைக்கூட வேறொரு டீச்சர் சொல்லித்தான் நான் கேட்டேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் என்னால் தாங்க முடியாதது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அனுமதி அட்டை அதிபருக்கு வரும். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுடையது வீட்டு விலாசத்துக்குப் போகும். இப்போது போல் இணையத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி அன்றைக்கு இல்லை. லயத்துக்கு ஏது வீட்டு விலாசம்? முழுத் தோட்டத்துக்கும் வரும் கடிதம் தப்பால் பையில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் ஐயாவுக்கு நேரம் கிடைக்கும்போது பிரித்துக் கொடுப்பார். டவுனில் பிறந்த உனக்கு இது தோன்றாமல் போனது குற்றமில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? என் ஆசிரியர் நியமனக் கடிதமே பதினொரு நாள் ஆபீஸ் தட்டில் கிடந்தது. அப்பா ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து, ஆபீஸ் படிக்குக் கீழே நின்று, "கடுதாசி ஏதும் வந்திருக்குங்களா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசி நாளில்தான் கையில் கிடைத்தது. உனக்கு நான் பத்துத் தடவையாவது சொன்ன கதை. அந்த அப்பாவின் மகள், மூளையை நூறு வீதத்திடம் அடகு வைத்துவிட்டு, லயத்து விலாசத்தை ஐந்து விண்ணப்பத்திலும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு பிள்ளைகளின் வீட்டார் ஆபீசுக்குப் போய்க் கேட்டு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்த நால்வரில் இரண்டு பேர் தேறியும் விட்டார்கள்! தர்ஷினியின் அட்டை வேறெந்தக் கட்டுக்குள்ளோ சிக்கிவிட்டது. பரீட்சை முடிந்து நான்காம் நாள் வந்தது. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளை வெள்ளைச் சீருடையைத் தோய்த்து மடித்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறாள். "ஸ்கூல்ல போய்க் கேளேன்" என்று அம்மா சொன்னதற்கு, "நான்தான் இப்ப அந்த ஸ்கூல் இல்லையே" என்றாளாம்.

அந்த உறையோடுதான் அம்மா வந்தாள். என் அறைக்கு வெளியே, வராந்தாவில் உன்னைப் பிடித்துக்கொண்டாள். உறையை உன் மேல் வீசினாள். "எம் புள்ள படிப்ப நாசமாக்கிட்டீங்களே டீச்சர்! ஒங்க வாய நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்! ஒங்க புள்ளையா இருந்தா இப்பிடிச் செய்வீங்களா?" வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நீ ஒரே ஒரு வசனம் சொன்னாய்: "ஆமாம்மா, நான்தான் வந்து வாங்கினேன்." என் பெயரைச் சொல்லவில்லை. நான் என் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் பேனை இருந்தது. எதையோ எழுதுவது போல் தாளில் அதை இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் போய், நீ போய், வராந்தா வெறிச்சோடிய பிறகும் நான் எழும்பவில்லை. சீ!

நூறு வீதம் வந்தது. பேனர் கட்டினார்கள். "பதில்" போய்விட்டது. நீ என்னை வாழ்த்தினாய்: "சந்தோஷம் மேடம்." அன்றிலிருந்து நீ போகும் வரைக்கும் மேடம்தான். சிவப்புக் கோட்டுக்கு மேலேயே எப்போதும் கையெழுத்து. ஒரு குறை சொல்ல இடம் வைக்கவில்லை நீ. அந்த மரியாதையைத் தாங்குவதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

நான் சும்மா இருக்கவில்லை, தெரியுமா? தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. முந்தி ஒரு நாள் நீ கேலியாகச் சொன்னது ஞாபகம் வந்தது: "ஒங்க ஆளுங்களுக்குப் பரவால்லடி. பாவத்த பெட்டிக்குள்ள போய்ச் சொல்லி முடிச்சிருவீங்க. எங்களுக்கு யாருக்குச் செஞ்சோமோ அவங்க வீட்டு வாசலுக்குத்தான் போகணும்." அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

உன் இறுதிச் சடங்கில் அதிபர் பேச வேண்டும் அல்லவா? பேசினேன். கையில் தாள். "எமது பாடசாலை நூறு வீதப் பெறுபேறு பெற்றதில் அன்னாரின் பங்கு அளப்பரியது" என்று வாசித்துக்கொண்டு போகையில் தலையை நிமிர்த்தினேன். கூட்டத்தின் ஓரத்தில் தர்ஷினியின் அம்மா நின்றாள். கையில் ஒரு பூமாலை. உன்னை ஏசியவள் உனக்கு மாலையோடு வந்திருக்கிறாளே என்று அப்போது யோசிக்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று மட்டும்தான் யோசித்தேன். மிச்சத்தை வேகமாக வாசித்து முடித்தேன்.

நேற்றுத்தான் போனேன். உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதே நிவித்திகல பஸ்ஸில். தோட்டத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நின்றேன். நீ எங்கே நின்றாயோ. அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாங்க மேடம். ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேசிவிடுவேன் என்று எனக்கே தெரியும். "அந்தக் கடிதத்த எழுதினது நான்தான். டீச்சர் மாட்டேன்னு சொன்னாங்க. நான்தான் அழுது அனுப்பினேன். அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல," என்று உறையை நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. "தெரியுங்க," என்றாள்.

"டீச்சர் சொன்னாங்களா?"

"அவங்க எங்க சொன்னாங்க! மலையில கொழுந்து எடுக்கறப்ப நாங்க அஞ்சு பேரும் பேசிக்கிட்டோம். அஞ்சு வீட்டுக்கும் ஒரே கடுதாசி. மிசின்ல அடிச்சது. டீச்சருக்கு ஏதுங்க மிசினு?"

"அப்ப ஏன் அன்னைக்கு அவங்கள அப்பிடி ஏசினீங்க?"

"கோவந்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா அவங்கள ஏசவா அவ்வளவு தூரம் வந்தேன்? ஒங்க கதவு பாதி தொறந்திருந்திச்சு. மேசைக்கு அடியில ஒங்க செருப்பு தெரிஞ்சிச்சு. ஒங்களுக்குக் கேக்கத்தான் கத்தினேன். இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கன்னு பாத்தேன்." பிளந்த விறகை ஒதுக்கிக்கொண்டே, "டீச்சரும் அந்தக் கதவத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க" என்றாள்.

தேத்தண்ணி தந்தாள். ஒரு துண்டு ஹக்குறு வெல்லமும் வைத்தாள். குடித்தேன். தர்ஷினி அவிசாவளைப் பக்கம் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? படிக்க வேண்டியவ அவ. அவகிட்ட சொல்லுங்க," என்று அவளின் போன் இலக்கத்தைச் சொன்னாள். அந்த உறையின் பின்பக்கமே எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவாம். இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து இரண்டு மணித்தியாலமாக உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்த்தாயா என் கெட்டித்தனத்தை? இதை முடித்ததும் அவளுக்குப் போன் எடுப்பேன். எடுத்தாக வேண்டும்.

இந்த வருடம் மூன்று பிள்ளைகள் தேறமாட்டார்கள் போல் இருக்கிறது. அவர்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகவே அனுப்பியிருக்கிறேன். பாதருக்கு முகம் சரியில்லை. இதற்காக நீ என்னைப் பாராட்ட வேண்டாம். தர்ஷினிக்கு இதனால் ஒன்றுமில்லை, உனக்கும் ஒன்றுமில்லை.

காலையில் பூசைக்கு முன் அலுவலகத்தைத் திறந்து, என் கதிரையில் உட்கார்ந்து, எழும்பி, நீ நின்ற இடம் வரைக்கும் நடந்து பார்த்தேன். ஆறு எட்டு வைத்தால் போதும். அன்றைக்கு நீ பார்த்துக்கொண்டு நின்றாய், எனக்கு அந்த ஆறு எட்டு வைக்க முடியவில்லை.