தலையில் துண்டு

சித்திரை 9, செவ்வாய்

பெரம்பலூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்று மிஸ் போர்டில் 'லாஸ்ட் ஹிஸ் ஷர்ட்' என்று எழுதினார். "சட்டை தொலைஞ்சுதுன்னு இல்ல, பணத்தையெல்லாம் விட்டுட்டான்னு அர்த்தம். தமிழ்ல எப்படிச் சொல்லுவோம்?" நான்தான் எழுந்தேன். "தலையில துண்டைப் போட்டுட்டான் மிஸ்." எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்தா அப்பா வாசலில் வந்து நிற்க வேண்டும்? நான் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸோடு வேப்பந்தட்டையிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். தலையில் துண்டு.

"இதோ வந்துட்டாருடி!" என்று ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். போட்ட சின்ன வெங்காயம் மொத்தமும் அழுகி, போட்ட பணமும் போய் நிற்கிற மனிதரைப் பார்த்துச் சிரித்தேன்.

"யாருங்க வேணும்?" என்றார் மிஸ்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"இடம் மாறி வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "கொளுத்துற வெயில்ல தலையில ஒரு துண்டுகூடப் போடாம வந்துருக்காரு பாருடி, கிறுக்கு மனுசன்."