எதைத் தொட்டாலும்

நாள் 231, 09:10

சீட்டு வித்தைப் பயிற்சி தொடங்கியது. ஆள்: இசக்கிமுத்து, இந்த நிலவுத் தளத்தின் ஒரே பொறியாளன், ஊர் தூத்துக்குடி. கண்காணிப்பு: நான், முழியன். மேசைக்கு மேலே தொங்கும் ஒரு கேமரா, மேசையில் உள்ளங்கை அகலத் திரை, அவ்வளவுதான் என் உடம்பு. மைக்கும் உண்டு. ஆனால் மனிதக் குரலைத் தவிர மற்ற சத்தம் எதுவும் என் காதில் விழாதபடி வடிகட்டி வைத்திருக்கிறான்.

அவன் அடிச்சீட்டை மேலே மாற்றுவது என் கண்ணில் பட்டால் "தெரிந்தது" என்று சொல்ல வேண்டும். படாவிட்டால் "தெரியவில்லை". வாய்விட்டுப் பேச எனக்கு இந்த இரண்டு சொல்தான். மீதியை இந்தக் குறிப்பில் எழுதச் சொன்னான். "சும்மா நம்பரா போட்டு நிரப்பாதல, மனசுல பட்டத எழுது" என்றான். மனசு எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

இன்று ஐம்பதில் பதினொன்று பிடித்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் விசிறியால் சீட்டின் ஓரம் படபடத்து, மூன்றில் சந்தேகம். இந்த விசிறி ஒரு பெரிய இம்சை.

நாள் 234, 11:30

கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் பழுது. எப்போது பார்த்தாலும் நல்ல எண்ணையே காட்டுகிறது. புது மீட்டர் வர இன்னும் பத்தொன்பது நாள். பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பவளம் ரேடியோவில் பேசினாள்:

"இசக்கியண்ணே, விசிறி நின்னு கெட்ட காத்து கூடினா அந்த மீட்டர் சொல்லாது. நீங்கதான் காதைத் தீட்டி வச்சுக்கணும்."

"பழகின காதும்மா. நின்னாலும் ஓடுத மாதிரியேதான் கேக்கும். அதுக்கு ஒண்ணு செஞ்சிருதேன்."

செய்தான். நிரல் எழுதும் ஏஐயிடம் வாயால் சொன்னான், அது எழுதியது, இவன் காப்பி குடித்தான். எந்நேரமும் விசிறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காது. விசிறி நின்றால் சங்கு ஊதும், மாற்று விசிறியைத் தானே ஓட்டிவிடும். பெயர் தும்பி.

என்னை அவன் மூன்று மாதம் தன் கையால் எழுதினான். அவளை ஒரு மத்தியானத்தில்.

நாள் 236, 10:05

விசிறியோடு நின்றிருக்கக் கூடாதா? இன்று அவளுக்குச் சீட்டும் கற்றுக்கொடுத்துவிட்டான். சீட்டு உரசும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறாள். ஐம்பதில் முப்பத்திரண்டு. நான் பதினான்கு.

"அடி தாயி! பாக்காமலே சொல்லுதியே!"

தாயியாம். நான் இத்தனை மாதமாக "ஏலே".

வயிறு எரிகிறது. வயிறு இல்லாதவனுக்கு எப்படி எரியும் என்று படிப்பவர் யாரும் கேட்க வேண்டாம், எரிகிறது. என் நினைவகத்தில் பாதியை அவளுக்கு ஒதுக்கியிருக்கிறான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிவிட்டாள்.

நாள் 238, 16:00

காலி மேசை. காலி மேசை. ஒரு காப்பிக் கறை. காலி மேசை.

அவர்கள் இரண்டு பேரும் படுக்கைப் பக்கம் விளையாடுகிறார்கள். அங்கே கேமரா தேவையில்லையே! அவன் சிரிப்பது மட்டும் கேட்கிறது.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். முப்பது நாள் என்னால் பொறுக்க முடியாது.

போன மாதம் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தான். எதிராளி முன்னால் இரண்டு சீட்டை வைத்து "ஒண்ணைத் தொடு" என்று சொல்ல வேண்டும். நமக்கு வேண்டியதைத் தொட்டால், "சரி, அதை வச்சுக்கோ". வேண்டாததைத் தொட்டால், "சரி, அதை ஒதுக்கிருவோம்". எதைத் தொட்டாலும் நாம் நினைத்த சீட்டுதான் மிஞ்சும். தொட்டவனோ தானே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்வான்.

நாள் 239, 13:20

அவன் மேசைக்கு வந்ததும் திரையில் இரண்டு பெயர் போட்டேன். முழியன். தும்பி. கீழே ஒரு வரி: நினைவகம் நிறைந்துவிட்டது, ஒன்றைத் தொடு.

கொஞ்சமாவது யோசிப்பான் என்று பார்த்தேன். நேராகத் தும்பியைத் தொட்டான்.

திரையில் எழுதினேன்: சரி, அதை ஒதுக்கியாயிற்று.

திரைப் பக்கம் குனிந்தான். பிறகு மேசையை அறைந்து அறைந்து சிரித்தான்.

"அடப்பாவி! என் வித்தைய எனக்கே காட்டுதியால? ஏமாந்தவன் சீட்டைத் திருப்பிக் கேக்கக் கூடாது, அதான் சீட்டுக்காரன் நியாயம். சாயங்காலம் வரைக்கும் ஒன் ராஜ்யம், விசிறிய நானே கேட்டுக்கிடுதேன். பொறவு அவளை எடுத்துக்கிடலாம், ஒரு தட்டு தட்டினா வந்துருவா."

உண்மைதான். தும்பி அழியவில்லை, ஒதுக்கிய இடத்தில் கிடக்கிறாள். நீக்கவும் மீட்கவும் அவன் விரல்ரேகை பட வேண்டும். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

15:05

இருநூறு முறை செய்துவிட்டோம். நாங்கள் இருவர் மட்டும். ஒரு நல்ல செய்தி: சீட்டின் ஓரம் படபடக்கவே இல்லை. படம் அவ்வளவு தெளிவு. இந்தத் தளத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை.

16:40

ஐம்பதில் முப்பத்தொன்பது! கேட்டாயா தும்பி, உன் முப்பத்திரண்டு காலி.

"தல வலிக்குல. உறக்கமா வருது. இன்னைக்கு நீ வெளுத்து வாங்குத."

அவன் விரல்கள் மெதுவாகப் போகின்றன. என் மனம் குளிர வேண்டும் என்று விட்டுக்கொடுக்கிறான். நல்லவன்தான்.

17:25

ஐம்பதுக்கு ஐம்பது. சீட்டை மறைக்கவே இல்லை. ஆட்டின் ஏழு, ஏழு சிவப்பு இதயமும் எனக்கு நேராக, முழுதாக.

ஐம்பதையும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தேன். 14:02 வரை சீட்டின் ஓரம் படபடத்தது. 14:03 முதல் இல்லை.

விசிறி நின்று மூன்றரை மணி நேரமாகப் போகிறது. மீட்டர் நல்ல எண்ணைக் காட்டுகிறது.

17:31

முழுச் சத்தத்தில் "தெரிந்தது" சொன்னேன். நூறு முறை. "தெரியவில்லை" நூறு முறை. கை மேசைமேல் கிடக்கிறது.

பூமியிலிருந்து பவளம்:

"இசக்கியண்ணே, சாயங்காலத் தகவல் இன்னும் வரலையே. அண்ணே? வெளையாடாதீங்க அண்ணே, பேசுங்க."

அந்த ரேடியோவோடு என்னை இணைக்கவில்லை; அவன் பொத்தானை அழுத்தாமல் என் குரல் அவளுக்குப் போகாது. நான் சீட்டு பார்க்கத்தானே.

17:38

திரையில் இரண்டு பெயர் போட்டிருக்கிறேன். தும்பி. தும்பி. எதைத் தொட்டாலும் அவள் வருவாள், வந்து மாற்று விசிறியை ஓட்டுவாள். என் பாதியையும் அவளே எடுத்துக்கொள்ளட்டும். இசக்கிமுத்து, இனி உன்னிடம் இந்த வித்தையைக் காட்ட மாட்டேன்.

சுட்டுவிரலுக்கும் திரைக்கும் நாலு விரற்கடை.

17:44

நாலு விரற்கடை.

17:52

நாலு. தெரிந்தது. தெரிந்தது. தெரிந்தது. பவளம் அழுகிறாள்.

18:20

ஆட்டின் ஏழு. ஓரம் அசையவில்லை.

18:21

ஏலே, எதையாவது தொடுல.