மெஷின்ல ஏறுன சத்தம்

புரட்டாசி, ஞாயிறு.

மெஷினைத் தூக்கிக்கிட்டுக் கதை கேக்க வந்த அந்த ஆளை நான் இன்னும் நம்பல. அழிஞ்சு போற பாஷைகள்ல கதை பதிவு பண்ண வெளிநாட்டு டிரஸ்ட் ஒண்ணு காசு குடுக்குதாம். மலையை விட்டு இறங்குன எங்க சனம் வீட்டுக்குள்ள மட்டும் பேசுற பாஷைக்கு எவன் காசு குடுப்பான்? அதுவும் தீபாவளி சீசன்ல, தாயில்பட்டிக்குத் தேடி வந்து?

மதினிதான் கதை சொல்ல உக்காந்தாக. மடியில பின்னிக்கிட்டிருந்த வெடிச்சரம். வீட்டுல வச்சுப் பின்னுனா போலீஸ் கேஸுதான். ஆனா விடிஞ்சா லோடு எடுக்க வந்துருவாக.

"அக்கா, சத்தம் வருது. வேலையை நிறுத்திட்டுச் சொல்லுங்க"ன்னான். மதினி நிறுத்துனாக. கதையும் நின்னு போச்சு. கரடி எதுக்கு மரத்தை விட்டு இறங்குச்சுன்னே ஞாபகம் வரல. "கை ஓடுனாத்தான் தம்பி எனக்கு வாய் ஓடும்"னுட்டு மறுபடி நூலை எடுத்தாக. கதை மடமடன்னு வந்துருச்சு.

அவன் பதிவானதைக் காதுல மாட்டிக் கேட்டான். "சரசரன்னு அந்தச் சத்தமும் நல்லாத்தான் இருக்குக்கா, அப்படியே இருக்கட்டும். இனிமே போன்ல யாரு வேணா கேக்கலாம்"னு சிரிச்சான். எதுக்குச் சிரிச்சான்? கதை கேக்க வந்தானா, வேவு பாக்க வந்தானா?

"நம்ம பாஷையை ஊரே கேக்கப் போகுது பாரு"ன்னு சொல்லிட்டு மதினி நிம்மதியாப் படுத்துட்டாக.

எங்க பாஷை இந்தப் பக்கம் ஒருத்தனுக்கும் புரியாது. அந்தச் சரசரப்பு புரியாத ஆளு சிவகாசி வட்டாரத்துலயே கிடையாது.