நாலு இலை

விக்கிரவாண்டி
ஐப்பசி 9

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மழையில் நனைந்து தும்மிக்கொண்டே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கத் திருவக்கரை அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிப் பேசிவிடுவாள், அதனால்தான் கடிதம். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், திட்டாமல் கடைசி வரை படி.

திண்டிவனத்தில் உன் காலேஜ் பக்கத்துக் குட்டையை மனை போடத் தூர்க்கப் போகிறார்கள் என்று, வெளிநாடு போகும் முன் அங்கிருந்து ஒரு பிடி ஆராக்கீரைக் கொடியைச் சேற்றோடு அள்ளிவந்து நம் பழைய மாட்டுத் தொட்டியில் நட்டாயே, மண்ணுக்கு மேல் ரெண்டு விரல் தண்ணி நிக்கட்டும்பா, உரம் போடாதீங்க, காயவிடாதீங்க என்று எனக்குப் பாடம் எடுத்தாயே, அது தொட்டி முழுக்கப் படர்ந்தது. ஆடியில் ஒருநாள் நெல்லில் களை பறித்துவிட்டுக் கால் கழுவ வந்தேன். நாலு இலை கண்ணில் பட்டது, அவ்வளவுதான், முப்பது வருஷம் இந்த ஆரையை நெல்லில் களையென்று பிடுங்கிய கை என்னைக் கேட்கவே இல்லை, அத்தனையையும் வேரோடு உருவி வரப்புப் பக்கம் வீசிவிட்டது. இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க, அது நம்ம பொண்ணு வெச்சதாச்சே என்று அம்மா கத்திய பிறகுதான் உறைத்தது. பொறுக்கி வந்து திரும்ப நட்டேன், அழுகிவிட்டது. திண்டிவனத்துக்கு வண்டியில் ஓடினேன், குட்டை இருந்த இடத்தில் கலர் கல் நட்டிருக்கிறது. நம் வயலில் இருந்த ஆரையை மருந்தடித்து ஒழித்தவனும் நானே. ஆரை எப்படிப்பா இருக்குது என்று ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்க, நல்லா இருக்குதும்மா என்று மூன்று மாதம் புளுகினேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது சேதியைக் கேள்! நேற்று மோட்டார் வாய்க்காலில் அடைப்பு எடுக்கக் குனிந்தேன், சேற்றில் ஒரு சுருண்ட குருத்து, பக்கத்திலேயே விரிந்த இலை. மூணு இலைப் புளியாரையோ என்று உட்கார்ந்து எண்ணினேன். நாலு! மறுபடி எண்ணினேன், நாலேதான்! நான் வீசியதில் ஒரு துண்டு வாய்க்காலில் விழுந்து ஒரு முழம் ஓடியிருக்கிறது. எங்கே போட்டாலும் முளைக்கிற சனியன் என்று வாழ்நாளெல்லாம் திட்டினேன், அந்தக் குணம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. நான் போட்ட கூச்சலில் பாம்பு என்று நினைத்து அம்மா தடியோடு ஓடிவந்தாள். குச்சி நட்டு, கோழி மேயாமல் வலை கட்டியாகிவிட்டது. ஒரு பிடி கிள்ளிப் பொரியல் செய்யட்டுமா என்று கேட்கிறாள், தொட்டால் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. தையில் வரும்போது கொடியைத் தொட்டிக்கு நீயே மாற்றி நட வேண்டும், மறக்காதே. தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன், என் கையை மட்டும் நம்பாதே. இன்று காலையும் அது இரண்டு முறை அந்தப் பக்கம் போனது, நான்தான் அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்படிக்கு,
புளுகின அப்பா,
தேவநாதன்