மேகமலையின் பொய்விதைகள்

ஆகஸ்ட் 29, 2068. காலை 7:10
மேகமலை உச்சி ஆய்வுக்குடில். பதிபவர் டெல்பின். வெப்பம் 14 டிகிரி, சாரல். சூரியத் தகடு பாதிதான் ஏறுகிறது.

ஈரப்பாறையில் காட்டுக் காசித்தும்பை இரண்டு இனமும் நல்ல பூப்பு. சிவப்பு, வெள்ளை. ஒரே பாறை, ஒரே பருவம், ஒரே தேனீ; ஆனாலும் கலப்பதில்லை. ஒன்றின் மகரந்தம் மற்றதன் சூல்முடியில் விழுந்தால், அதிலிருந்து சூலை நோக்கி வளரும் குழாய் பாதி வழியில் நின்றுவிடும். நிறுத்துவது ஒரே ஒரு மரபணு. அதைக் கண்டுபிடித்தது நான்.

இன்று நுண்ணோக்கியில் பார்த்த பூக்களில் குழாய் நிற்கவில்லை. குழாயைக் காட்டும் சாயம் பழசாக இருக்கலாம். நாளை மறுபடி.

ஆகஸ்ட் 30. மாலை 4:45
சாயத்தில் குறையில்லை. எல்லாப் பூவிலும் அயல் மகரந்தம் சூல்வரை போயிருக்கிறது. இலைகளில் வெள்ளையாக ஒரு படலம்.

அடிவாரத்தில் ட்ரோன் ஓட்டும் காசிமை வானொலியில் பிடித்தேன்.

"நாந்தான்க்கா அடிச்சேன். நீங்க தேனிக்கு எறங்கியிருந்தப்ப. சத்து மருந்துன்னு சொல்லித்தான் ஆபீசுல டப்பாவக் குடுத்தாங்க. சத்தியமா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

நம்புகிறேன். அவனிடம் பொய் சொன்னவர்கள்தான் எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 31. காலை 9:30
எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் கோபாலரத்தினம் வானொலியில் ஒப்புக்கொண்டார். இல்லை, பெருமையடித்துக்கொண்டார்.

"அந்த மரபணுவ ஒரு வாரம் தூங்க வைக்கிறோம், அவ்வளவுதான். ரெண்டும் கலந்தா புதுப்புது நிறம் வரும், பூச்சந்தைக்குப் போகும். உங்க கண்டுபிடிப்புதானே டெல்பின்? சந்தோஷப்படுங்க."

"கலப்பு விதையில கரு செத்துரும் சார். என் அறிக்கையில முதல் பக்கத்துலயே இருக்கு. படிச்சீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

உணர்ச்சியாம். இவை ஒரே ஆண்டு வாழும் செடிகள். விதை மண்ணில் அடுத்த மழைக்கு மேல் தாங்காது. இந்தப் பருவம் விதை பொய்த்தால் வரும் ஆண்டு இந்தப் பாறையில் பாசி மட்டும்தான் இருக்கும். வேறு எந்த மலையிலும் இந்த இரண்டும் இல்லை.

செப்டம்பர் 14. பிற்பகல் 2:00
காய்களைக் கீறிப் பார்த்தேன். வெளியே கொழுகொழுவென்று இருக்கின்றன. உள்ளே விதை என்ற பெயரில் சுருங்கிய தோல்.

மருந்தே படாத கீழ்ச்சரிவிலும் இதே கதை. அப்படியானால் மகரந்தம் அந்தத் தூக்கத்தைச் சுமந்து போகிறது. ஒரு வாரம் என்றது பொய். அல்லது அவர்கள் சோதித்தே பார்க்கவில்லை. எது மோசம் என்று தெரியவில்லை.

வடக்குப் பிளவில் மட்டும் காற்றும் தேனீயும் அதிகம் எட்டாத ஒரு கொத்து இன்னும் கெடவில்லை. மொட்டுக்கு மொட்டு மல் துணிப் பை கட்டினேன். சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை, தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தேன். அட்டைக் கடியில் கால் வீங்கிவிட்டது. உதவிக்கு ஒருவன்கூட மேலே வரவில்லை.

செப்டம்பர் 19. பகல் 11:20
மறுபடி ட்ரோன். இரண்டாம் தெளிப்பு. காசிம் மறுத்துவிட்டானாம், வேறு ஆள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நேராக வடக்குப் பிளவுக்கு இறங்கியது.

கூடாரக் கம்பால் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன்.

வானொலியில் கோபாலரத்தினம்: "அது நிறுவனச் சொத்து. போலீசுக்குப் போவோம்."

"போங்க சார். இந்த மருந்த வேற எங்கெங்க அடிச்சீங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லுங்க."

இணைப்பைத் துண்டித்தார்.

அப்படியானால் வேறு எங்கோவும் அடித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 3. காலை 8:15
பைக்குள் ஒரு காய் விரல் பட்டதும் வெடித்தது. கறுப்பு விதைகள், கெட்டியாக, நிறைந்து. இரண்டு இனமும் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட வராது. ஆனால் உயிருள்ளவை.

இதைப் படிப்பவருக்கு: குடிலின் குளிர்பெட்டியில் தனித்தனியாக வைத்திருக்கிறேன். கோபாலரத்தினத்திடம் கொடுக்காதீர்கள். அவர் அனுப்பும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அக்டோபர் 3. காலை 10:40
காசிம். கம்பம் ஊரில் அவன் வீட்டு வயலிலிருந்து பேசுகிறான்.

"அக்கா, நெல்லு கருதெல்லாம் நட்டமா நிமிந்து நிக்குது. இந்நேரம் தலை சாஞ்சிருக்கணும். ஒண்ண உரிச்சுப் பாத்தா உள்ள வெறும் உமிதான். எங்க வயல் மட்டும் இல்லக்கா, சின்னமனூர் வரைக்கும் இப்படித்தான். விதைப் பண்ணைக்காரங்க போன மாசம் வெள்ளையா ஒண்ணு அடிச்சாங்க. நல்லா வெளையும்னு..."

நெல்லிலும் அதே மரபணுவின் உறவு உண்டு. வரப்பெல்லாம் புல் பூத்துக் கிடக்கும் மாதம் அது. மரபணு தூங்கினால் புல்லின் மகரந்தம் நெல்லின் சூல்வரை போகும், மணி பிடிக்காது.

கோபாலரத்தினத்தை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

எடுய்யா.

அக்டோபர் 3. பகல் 12:05
பொது அலைவரிசையைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தின் பெயர், அந்தக் கோபாலரத்தினத்தின் பெயர், என் பெயர். கதிர் நிமிர்ந்து நிற்கும் வயல் எங்கெல்லாம் உண்டு என்று கேட்டேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு பெண்: "இங்கயும் அப்படித்தாங்க. எங்க ஊரு மொத்தமும்."

செய்யாறு.

பாலக்காடு.

நெல்லூரிலிருந்து ஒருவர் தெலுங்கில் கத்துகிறார். வரி, வரி என்கிறார். அவர்கள் மொழியில் நெல். அவருக்குப் பின்னால் இன்னும் யாரோ, அவருக்கும் பின்னால் இன்னொருவர். எல்லோருக்கும் வெறும் உமிதான்.