தை வரைக்கும்

ஜூலை 18, வெள்ளி
புழுக்கம். மேகம் கட்டியும் பெய்யவில்லை. ஸ்கேனுக்குச் சென்னை ஆஸ்பத்திரி. கும்மிடிப்பூண்டியில் ரயிலேறியதும் உட்கார இடம் கிடைத்தது. இந்த இடுப்பு வலிக்கு அதுவே பெரிது.

பொன்னேரியில் ஜமீலா அக்கா ஏறினார். பழவேற்காட்டுக்காரர். என்னைப் போலவே மார்பில் ஆரம்பித்த புற்றுநோய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்களெல்லாம் பேரைக் கேட்பதற்கு முன்னால் எங்கே பரவியிருக்கிறது என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

"எனக்கு ஈரலுக்குப் போயிட்டுது. உனக்கு எலும்போட நிக்குது. குடுத்து வெச்சவ தங்கச்சி நீ."

எலும்பென்றால் சில வருஷம்கூட ஓட்டலாம், ஈரலுக்குப் போனால்தான் வேகம் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் மகள் கவிதாவின் கல்யாணத்தைத் தையில் வைத்தோம். சம்பந்தி வீட்டில் எலும்புத் தேய்மானம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

22, செவ்வாய்
ரிசல்ட். ஈரலிலும் புள்ளிகள்.

தை வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் மழுப்பவில்லை. "சீக்கிரம் வைக்க முடிஞ்சா வைங்கம்மா."

ஜமீலா அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இனி அதுவும் இல்லை.

24, வியாழன்
மோட்டார் ரிப்பேர். நாற்றங்கால் காய்கிறது. மில்லில் ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆடியில் முடியாது. ஆவணி முதல் முகூர்த்தம் என்று முடிவு. சம்பந்திக்கு போன் போட்டார். நான் போய்விட்டால் ஒரு வருஷம் இந்த வீட்டில் மேளம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருப்பார்களா.

27, ஞாயிறு
சம்பந்தியம்மா நேரிலேயே வந்துவிட்டார். பழம், வலித்தைலம். என் இடுப்பை நீவிவிடக்கூட உட்கார்ந்தார்.

"தேய்மானத்துக்குப் போயி யாராச்சும் கல்யாணத்த முன்னாடி வெப்பாங்களா? தையில நல்லா எய்ந்து நிப்பீங்க. ஆவணியில வெச்சிட்டு பந்தல்ல நொண்டிக்கினு இருக்கணுமா?"

நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் கண்ணாலேயே தடுத்தார். பெண்ணுக்கும் வருமோ என்று பயந்து விலகிவிடுவார்களாம். சரி, தையே இருக்கட்டும் என்றேன். பயமாக இருக்கிறது.

அவர் போனதும் கவிதா வந்தாள். "கல்யாணத்துக்கு உனக்கு இன்னா கலர்ல பொடவ எடுக்கறதும்மா?"

சிவப்பு என்றேன். எது முந்தினாலும் அதையே கட்டிவிடலாம்.